வால்வு மாற்றியபோது தொடையில் வைத்த ஸ்டென்ட் எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பீடிப் பழக்கம் இருந்து, பத்து வருஷத்துக்கு முன்பு விட்டுவிட்டார். நான்கு மாதத்துக்கு முன்னால் சென்னையில் நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வு மாற்றினார்கள். வால்வு நன்றாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் குழாயை எடுத்தபோது வலது தொடையில் ரத்தம் நிற்கவில்லை என்று, அங்கேயே ரத்தக்குழாய்க்குள் ஒரு கவர்டு ஸ்டென்ட் (துணி போர்த்திய கம்பிக்குழாய்) வைத்தார்கள். இப்போது மூச்சுத் திணறல் இல்லை. "மடங்குகிற இடத்தில் ஸ்டென்ட் வைத்தால் உடைந்துவிடும், ஆபரேஷன் செய்து தைத்திருக்க வேண்டும்" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அப்பா தினமும் காலையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூஜை செய்பவர். இந்த ஸ்டென்ட் எத்தனை வருஷம் தாங்கும்? அடைத்துக்கொண்டால் காலை எடுக்க வேண்டி வருமா? ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டும் ஆயுள் முழுக்கவா? பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. பதினைந்து நாளாக, நடந்தால் வலது கெண்டைக்கால் இழுக்கிறது என்கிறார். அது வயதுக் கோளாறுதானே?

கும்பகோணம் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கால் இழுப்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஸ்டென்ட் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அப்புறம் பேசலாம். இப்போது அது எப்படி இருக்கிறது என்பதை இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

அப்பாவைத் தெருவில் மெதுவாக நடக்கச் சொல்லி, நீங்களும் கூடவே நடந்து பாருங்கள். எவ்வளவு தூரத்தில் கெண்டைக்கால் சதை பிடிக்கிறது? தினமும் ஏறக்குறைய அதே தூரத்தில்தானா? உட்காராமல் வெறுமனே நின்றாலே இரண்டு மூன்று நிமிஷத்தில் விட்டுவிடுகிறதா? மூன்றுக்கும் விடை ஆமாம் என்றால், நடக்கும்போது அந்தச் சதைக்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நின்றால் போதாமல், எங்கேயாவது உட்கார்ந்தால் அல்லது முன்பக்கம் குனிந்தால்தான் குறைகிறது என்றால், முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். எழுந்து வைக்கிற முதல் அடியிலேயே வலித்து, படி இறங்கும்போது அதிகமானால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். தொடையின் முன்பக்கம் மரத்துப்போய் எரிச்சலாக இருந்தால், அன்று ரத்தம் கட்டிய இடத்தில் நரம்பு அழுந்தியதன் விளைவாக இருக்கலாம். அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே குறைந்துவிடும்.

ரத்தம் போதாத வலிதான் என்று தெரிந்தாலும் உடனே ஸ்டென்ட் மேல் பழி போட்டுவிட வேண்டாம். வால்வு சுருங்கியிருந்த காலத்தில் அப்பா எவ்வளவு தூரம் நடந்திருப்பார்? வாசலிலிருந்து தெருமுனைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி நின்றிருப்பார். கால் வலிக்கிற தூரம் வரை அவர் போகவே இல்லை. இப்போது மூச்சு சரியாகிவிட்டது, தெருமுனையைத் தாண்டி நடக்கிறார். சர்க்கரையும் பீடியும் சேர்ந்து பல வருஷமாகக் காலின் ரத்தக்குழாயில் படியவைத்த அடைப்பு இப்போதுதான் வெளியே தெரிகிறது. வால்வு மாற்றிக்கொண்ட முதியவர்கள் பலரிடம் இதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மூன்றரை மாதம் நன்றாக நடந்துவிட்டு, ஸ்டென்ட் வைத்த அதே காலில் புதிதாக வருகிற வலியை ஊகத்தில் விட்டுவிடக் கூடாது.

இதற்கு இரண்டு எளிய பரிசோதனைகள் போதும். முதலாவது, கணுக்காலில் எடுக்கிற ரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கிற அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது. ஏபிஐ என்று எழுதித் தருவார்கள். 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வழியில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது. உங்கள் அப்பாவைப் போல நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடுவதால் பட்டையைக் கட்டி இறுக்கினாலும் குழாய் அமுங்காது. அப்போது எண் 1.4-க்கு மேல் போய், எல்லாம் நன்றாக இருப்பது போல ஏமாற்றும். அப்படி வந்தால் கால் கட்டைவிரலில் அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, இரண்டு கால்களுக்கும் சேர்த்து, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன். ஊசி கிடையாது, சாயம் கிடையாது, சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை. ஸ்டென்ட்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ரத்தம் ஓடும் வேகத்தைத் தனியாக அளந்து எழுதச் சொல்லுங்கள். குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். இதற்காக உடனே சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எடுத்து, ரிப்போர்ட்டை வால்வு வைத்த டாக்டருக்கு அனுப்பலாம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, உட்கார்ந்திருக்கும்போதே தாங்க முடியாமல் வலித்தாலோ, பாதம் மரத்து விரலை அசைக்க முடியாமல் போனாலோ, அது ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதன் அறிகுறி. ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் கால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. தைலம் தேய்த்துப் பார்ப்பது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, காலை வரை பொறுத்திருப்பது எதுவும் வேண்டாம். ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.

சரி, இனி சித்தப்பா எழுப்புகிற கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல, அன்று கேத் லேபில் (குழாய் விட்டுச் சிகிச்சை செய்கிற அறையில்) என்ன நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மணிக்கட்டு வழியாகச் சாதாரண ஆஞ்சியோகிராம் செய்ய உள்ளே விடுகிற குழாயின் உள்விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். வால்வை என்னதான் மடக்கிச் சுருட்டினாலும் அந்த வழியில் போகாது. இன்றைய வால்வுகளுக்கு உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உறைக்குழாய் வேண்டும். வெளிச்சுற்றையும் சேர்த்தால் 6 மில்லிமீட்டர் வரும். அவ்வளவு பெரிய குழாய் போகிற அளவுக்கு அகலமாக, உடம்பின் மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருக்கிற தமனிகளில் வசதியானது தொடையிடுக்கில் இருப்பது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரத்தில் ஆலன் கிரிபியே உலகிலேயே முதல்முறையாக ஒரு மனிதருக்குக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் மூலம் பெருநாடி வால்வு வைத்தபோது, அந்த நோயாளியின் கால் தமனிகள் அடைத்துக் கிடந்தன. அதனால் தொடையின் சிரை வழியாக ஏறி, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரைத் துளைத்துப் போக வேண்டியிருந்தது. இந்தச் சிகிச்சையில் இதயத்தைப் பார்க்கிற அதே கவனத்தோடு காலையும் பார்க்க வேண்டும் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

ஆரம்ப காலக் குழாய்கள் இன்னும் பெரியவை, 7, 8 மில்லிமீட்டர். அமெரிக்காவில் தொடங்கிய பார்ட்னர் ஆய்வின் முதல் கட்டத்தில், தொடை வழியாக வால்வு வைத்துக்கொண்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாயில் பெரிய சிக்கல் வந்தது. குழாய் சிறுத்தது. முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து அளந்து பார்க்கும் பழக்கம் வந்தது. கைகளும் தேர்ந்தன. 2019-ல் வெளிவந்த பார்ட்னர் 3 ஆய்வில் அது 2 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அதில் சேர்ந்தவர்கள் ஆபத்துக் குறைவான நோயாளிகள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவின் வயதிலும் சர்க்கரையிலும் ஆபத்து அதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

பெரிய குழாயை உள்ளே விடுவதற்கு முன்பே, தமனியின் சுவரில் தையல் நூலைப் போட்டு முடிச்சை இறுக்காமல் விட்டு வைப்போம். வேலை முடிந்து குழாயை உருவும்போது வெளியிலிருந்து முடிச்சை இறுக்கினால் துளை மூடிக்கொள்ளும். சுவரின் முன்பக்கம் சுண்ணாம்பு படிந்து கல் மாதிரி இருந்தால் ஊசி சரியாகக் கடிக்காது, முடிச்சு வழுக்கிவிடும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான். அந்த நேரத்தில் டாக்டர்கள் வெளியிலிருந்து கையால் அழுத்திக்கொண்டே, மற்றக் கால் வழியாகவோ கை வழியாகவோ ஒரு பலூனைக் கொண்டுபோய்த் துளைக்கு நேராக உள்ளிருந்து ஊதி ரத்தத்தை நிறுத்துவார்கள். ரத்தம் நின்றதும் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். தொடையிடுக்கைக் கீறித் தமனியைத் தைப்பது ஒன்று. உள்ளிருந்தே துணி போர்த்திய ஸ்டென்ட்டை விரித்து ஓட்டையை மூடுவது இன்னொன்று.

தைத்திருக்கலாமே என்று சித்தப்பா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. தொடையிடுக்கை ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்கள் ஸ்டென்ட் வைக்கக் கூடாத இடம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இடுப்பை மடக்கும்போதெல்லாம் அந்த இடம் வளைகிறது. அங்கேதான் தமனி இரண்டாகப் பிரிகிறது. பிற்காலத்தில் பைபாஸ் செய்ய வேண்டி வந்தால் குழாயைப் பொருத்துகிற இடமும் அதுதான். தையல் போட்டால் உள்ளே உலோகம் எதுவும் மிஞ்சாது. இளைஞர் ஒருவருக்கு இது நடந்திருந்தால் நானே தைக்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் 79 வயதில், சர்க்கரை நோயோடு, ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது தொடையிடுக்கைக் கீறுவது லேசான காரியம் இல்லை. அந்த இடம் எப்போதும் ஈரமாகவும் மடிப்பாகவும் இருப்பதால் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும், நிணநீர் கசியும். பிரான்சில் 117 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட டெக்கோ என்ற ஆய்வு இதற்கு ஒரு அளவைத் தருகிறது. அதில் வால்வு சம்பந்தமே கிடையாது. அதே தொடைத் தமனியில் கொழுப்படைப்பு உள்ளவர்களுக்குத் திறந்து சுத்தம் செய்வதையும் ஸ்டென்ட் வைப்பதையும் ஒப்பிட்டார்கள். முதல் மாதத்தில் சிக்கல்கள் அறுவை செய்தவர்களில் 26 சதவீதம், ஸ்டென்ட் வைத்தவர்களில் 12.5 சதவீதம். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது குழாய் திறந்திருப்பதில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால், உங்கள் அப்பாவின் டாக்டர் அன்று எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே தெரிகிறது. பின்னால் எப்போதாவது தேவைப்பட்டால் அறுவைக்கான வழி இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

உடைந்துவிடுமா என்பதற்கு வருகிறேன். இதயத்தில் வைக்கிற ஸ்டென்ட்டைப் பலூனால் விரிப்போம். அந்த வகையைத் தொடையிடுக்கில் வைத்தால் வெளியிலிருந்து வருகிற அழுத்தத்தில் நசுங்கி, நசுங்கியபடியே நின்றுவிடும். அங்கே வைப்பது தானாக விரிகிற வகை. அதன் கம்பி நிட்டினால் என்ற நிக்கல், டைட்டானியம் கலவை. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது. வளைத்தாலும் அழுத்தினாலும் விட்டவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதன் மேல் துணி மாதிரி ஒரு மெல்லிய உறை இருக்கும். சில பேருக்குப் பின்னால் எக்ஸ்ரேயில் ஒரு கம்பி விட்டுப்போயிருப்பது தெரிவதுண்டு. பெரும்பாலும் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. குழாயைத் திறந்து வைத்திருக்கிற வேலையை மற்றக் கம்பிகளும் உறையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்.

இனி வருஷக் கணக்கு. வால்வு வைக்கும்போது இப்படி அவசரமாக ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களை ஐரோப்பிய மருத்துவமனைகள் சில தொடர்ந்து கவனித்து முடிவுகளை வெளியிட்டிருக்கின்றன. ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு ஸ்டென்ட் திறந்தே இருந்திருக்கிறது. குறுகல் வந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் முடிகிற ஓரத்தில் வருகிறது. அதை மறுபடி பலூன் விட்டுச் சரிசெய்ய முடிகிறது. இந்த ஆய்வுகளில் இருப்பவர்கள் எண்பதை ஒட்டிய வயதுக்காரர்கள், எண்ணிக்கையும் குறைவு. அதனால் பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று யாராவது உறுதியாக எண் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் அப்பாவுக்குச் சாதகமான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். முழங்காலுக்குப் பக்கத்தில் நீளமாக அடைத்த மெல்லிய குழாயில் வைக்கிற ஸ்டென்ட்தான் சீக்கிரம் அடைக்கும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் கால் ஸ்டென்ட் என்றாலே பலர் பயப்படுகிறார்கள். இவருக்கு வைத்திருப்பது அகலமான, வேகமாக ரத்தம் ஓடுகிற குழாயில். வால்வு போகிற அளவுக்கு அகலம் இருக்கிறது என்று சி.டி. எடுத்து அளந்து பார்த்த பிறகுதான் அந்தக் காலையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். அடைப்புக்காக வைத்த ஸ்டென்ட்டும் ஓட்டைக்காக வைத்த ஸ்டென்ட்டும் ஒன்றாகாது.

நீண்ட காலத்தில் எது தீர்மானிக்கிறது என்று கேட்டால், ஸ்டென்ட் எங்கே முடிகிறது என்பதையே சொல்வேன். தொடையிடுக்கைத் தாண்டியதும் தமனி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலாகக் காலின் அடிவரை போகிறது. இன்னொன்று ஆழமாகத் தொடைச் சதைக்குள் போகிறது. சர்க்கரை, பீடி காரணமாக முதலில் அடைப்பது மேலாகப் போகிற கிளை. அப்போது காலைக் காப்பாற்றுவது ஆழக் கிளைதான். உறை போர்த்திய ஸ்டென்ட் கொஞ்சம் கீழே இறங்கி அந்த ஆழக் கிளையின் வாயை மூடிவிட்டால், இன்று ஒன்றும் தெரியாது. சில வருஷம் கழித்து மேற்கிளை அடைக்கும்போது காலுக்கு மாற்று வழி இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட்டின் பெயர், விட்டம், நீளம், எந்த இடத்தில் வைத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஆழக் கிளை திறந்திருக்கிறதா என்பதை டாப்ளரிலும் பார்க்கச் சொல்லுங்கள். வால்வுக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேனின் குறுந்தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை.

காலை எடுக்க வேண்டி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டென்ட் மெதுவாகக் குறுகினால் முதலில் நடை தூரம் குறையும், ஏபிஐ இறங்கும், டாப்ளரில் தெரியும். அப்போதே கவனித்தால் காலை இழக்கிற கட்டத்துக்குப் போவது அபூர்வம். கதீட்டர் சிகிச்சை என்பதே ஒரு காலைக் காப்பாற்றத் தொடங்கியதுதான். 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவரிடம் 82 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். கால் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன, காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. தொடைத் தமனியின் குறுகலுக்குள் டாட்டர் கதீட்டரை நுழைத்து விரித்தார். கால் சூடு பெற்றது. இரண்டரை வருஷம் கழித்து இறக்கும்வரை அந்தம்மா தன் சொந்தக் காலில் நடந்தார். இன்று நம்மிடம் அதைவிட எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. எங்களுக்குத் தேவை, நேரத்தோடு வருகிற நோயாளிதான். எல்லாம் நன்றாக இருந்தாலும் ஆறாவது மாதம் ஒன்று, ஒரு வருஷத்தில் ஒன்று, அப்புறம் வருஷத்துக்கு ஒரு டாப்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. நடப்பது, படி ஏறுவது, நாற்காலியில் உட்காருவது எதற்கும் தடை கிடையாது. தொடையிடுக்கை மிக அதிகமாக மடக்குவது குந்தி உட்காருவது. அதனால் கழிப்பறையில் மேற்கத்திய இருக்கைக்கு மாறிவிடுவது நல்லது. இந்த வயதில் விழுந்துவிடாமல் இருக்கவும் அதுதான் பாதுகாப்பு. பூஜைக்கு வெறும் தரைக்குப் பதிலாக ஓர் அடி உயர மர முக்காலியில் உட்காரட்டும். சாமி படங்களையும் அந்த உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். பத்து நிமிஷம் சம்மணம் போட்டுவிட்டால் ஸ்டென்ட் போய்விடாது. ஒரு மணி நேரம் மடக்கியபடியே இருந்து, கால் மரத்த பிறகு எழுந்திருப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். சென்னைக்குப் பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் வரும்போது வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் இறங்கி நாலு அடி நடக்கட்டும். எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறவர்களிடம் போனால் தொடையிடுக்கில் கை வைக்க விடாதீர்கள்.

பாதத்தையும் மறக்க வேண்டாம். உங்கள் ஊரில் கோயில்களுக்குக் குறைவில்லை. சித்திரை வெயிலில் நண்பகலில் கருங்கல் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிவந்து பாதம் கொப்பளித்த சர்க்கரை நோயாளிகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். சூடு அவர்களுக்குத் தெரிவதே இல்லை. ரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தக் கொப்புளம் ஆறாமல் அழுகினால், ஸ்டென்ட் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ கூட்டிப் போங்கள். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் விரலிடுக்குகளையும் ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

மாத்திரைக்கு வருவோம். நெதர்லாந்தின் தலைமையில் நடந்து 2020-ல் வெளியான பாப்புலர் டாவி ஆய்வில், வால்வு மாற்றியவர்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தபோது ஒரு வருஷத்தில் 15.1 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெலும் கொடுத்தபோது 26.6 சதவீதம். அதனால் வால்வுக்கு மட்டும் என்றால் இப்போது ஒரே மாத்திரைதான். தொடை ஸ்டென்ட்டுக்காக இரண்டாவதைக் கொஞ்ச காலம் சேர்க்கிறோம், வழக்கமாக ஒரு மாதம் முதல் மூன்று மாதம். உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது, ஈறிலும் ரத்தம் வருகிறது. இரண்டையும் தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க இதுவே நேரம். இதயத்திலும் ஸ்டென்ட் இருந்தாலோ, கால் இழுப்பதற்குக் காரணம் ஸ்டென்ட் குறுகல் என்று டாப்ளர் காட்டினாலோ அவர் தொடரச் சொல்லக்கூடும். அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஒரு மாத்திரை ஆயுள் முழுக்க இருக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான். ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது என்று அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் கொடுப்பதில்லை, குழாயின் சுவரைக் காப்பதற்காகவும்தான் கொடுக்கிறோம்.

ஈறைப் பல் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் புது வால்வு வைத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல் பிடுங்குவதற்கோ ஈறைச் சுத்தம் செய்வதற்கோ ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளை. வாயிலிருந்து ரத்தத்துக்குள் போகிற கிருமி வால்வில் போய் உட்கார்ந்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம்: காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ரத்தத்தில் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு அப்புறம்தான் மருந்து. மருந்து முந்திக்கொண்டால் கிருமி மறைந்துகொள்ளும், வால்விலா ஸ்டென்ட்டிலா எங்கே தொற்று என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிடும். தொடையிடுக்கில் சிவந்து வீங்கினாலோ, நாடி துடிப்பது போல ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

டாப்ளரில் பெரிய குறுகல் எதுவும் இல்லை, பழைய அடைப்புதான் காரணம் என்று வந்தால் அதற்கு முதல் மருந்து நடைதான். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடந்து, ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாளுக்குக் குறையாமல். மூன்று மாதம் விடாமல் செய்தால் நடை தூரம் நன்றாகவே கூடும். வலியோடு நடந்தால் கால் கெட்டுவிடுமோ என்று பயந்து உட்கார்ந்துவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். வால்வு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தைரியமாகத் தொடங்குங்கள்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் நேரத்தில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று. என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு இதே போல வலது தொடையில் ஸ்டென்ட் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து நெஞ்சுவலி என்று வேறு ஊரில் அவசரமாகச் சேர்த்தார்கள். வீட்டில் யாருக்கும் அந்த ஸ்டென்ட்டைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. வழக்கம் போல வலது தொடையில் குத்தி ஆஞ்சியோகிராம் செய்தார்கள். ஊசி ஸ்டென்ட்டின் மேலேயே இறங்கியிருந்தது. ரத்தம் நிற்காமல், கடைசியில் தொடையைத் திறந்து தைக்க வேண்டியதாயிற்று. இரண்டு வருஷமாக நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஸ்டென்ட் அது.

ஒரு சின்ன அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் போட்டு அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். இதய வால்வு மாற்றிய தேதி, வால்வின் பெயரும் அளவும், வலது தொடைத் தமனியில் கவர்டு ஸ்டென்ட் இருக்கிறது, அந்த இடத்தில் ஊசி குத்தக் கூடாது, மணிக்கட்டு வழியாகவோ இடது தொடை வழியாகவோ செய்யவும், சாப்பிடும் மாத்திரைகள், உங்கள் மொபைல் எண். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் அந்த அட்டையை அங்கேயும் காட்டுங்கள். வால்வு, ஸ்டென்ட் இரண்டின் பெயரையும் பார்த்து அவர்கள் அதற்கேற்ப எடுப்பார்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும் அந்த அட்டையைப் படமெடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.